மேலாடையும் பலிபீடமும்

1960இல், மத்தியதரைக் கடலோரம் யாப்பாவுக்கும் அஸ்தோத்துக்கும் நடுவே இருந்த பழைய கோட்டை ஒன்றைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். வாசலை ஒட்டிய காவலர் அறையில் பானை ஓடு ஒன்று சில துண்டுகளாகக் கிடைத்தது. சேர்த்து வைத்துப் பார்த்தபோது மையால் எழுதிய எபிரேய வரிகள் தெரிந்தன. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. யூதாவை யோசியா ஆண்ட காலம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு.

எழுதியிருப்பது ஒரு மனு. கதிர் அறுக்கும் கூலியாள் ஒருவன் கோட்டை அதிகாரியிடம் முறையிடுகிறான். தனக்கு விட்ட அறுப்பை வழக்கம்போல் முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகும் சோபாயின் மகன் ஓசாயா என்பவன் வந்து அவனுடைய மேலாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாள்கள் சில கடந்துவிட்டன. தன்னோடு வெயிலில் நின்று அறுத்த சகோதரர்கள் எல்லாரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். என்மேல் குற்றமில்லை, ஆடையை வாங்கித் தாருங்கள். உங்கள் கடமை அல்ல என்று நினைத்தாலும் இரக்கப்பட்டாவது வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சுகிறான். மனு கொடுத்தவனின் பெயர் நமக்குக் கிடைத்த வரிகளில் இல்லை. பறித்தவனின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பொருள், கர்த்தர் இரட்சித்தார் என்பது.

எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் படிக்க உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த ஓடுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடவுளின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டு ஒருவன் ஏழையின் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறான். துணியைப் பறிகொடுத்தவன் குளிரில் படுக்கிறான். அந்த ஓசாயா ஓய்வுநாளில் பலி செலுத்தப் போயிருந்தால் அந்தப் பலி என்ன? தீர்க்கதரிசிகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்வி இதுதான்.

*

இன்று நமக்கு மேலாடை என்றால் பெட்டியில் இருக்கும் பலவற்றில் ஒன்று. பழைய இஸ்ரவேலின் ஏழைக்கு அது ஒன்றே ஒன்று. பகலில் உடுப்பு, இரவில் போர்வை. கடனுக்கு ஈடாக வைக்க அவனிடம் இருக்கும் கடைசிப் பொருளும் அதுதான். அதனால்தான் யாத்திராகமத்தின் சட்டம் அதற்கென்று தனியாக விதி செய்தது: அயலானின் மேலாடையை ஈடாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று சட்டமே காரணம் கேட்கிறது. அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன் என்று கடவுள் அங்கே தம்மை அவன் பக்கம் நிறுத்திக்கொள்கிறார்.

அந்த ஓட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் முந்தி, கி.மு. 760ஐ ஒட்டி, எருசலேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊரிலிருந்து ஆமோஸ் என்பவர் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஆடு மாடு வைத்திருந்தவர். காட்டத்திப் பழம் பார்த்தவர். காட்டத்தி ஏழைகளின் பழம். காயைக் கீறிவிட்டால்தான் அது சரியாகப் பழுக்கும். அந்த வேலைக்காரர் எல்லை தாண்டி வட இஸ்ரவேலின் அரச ஆலயமாகிய பெத்தேலில் போய் நின்றார். அங்கே அவர் கண்ட காட்சிகளில் ஒன்று: ஈடாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள்கள் சாய்ந்து கிடக்கிறார்கள். அபராதமாகப் பிடுங்கிய திராட்சரசத்தைத் தங்கள் தேவனுடைய வீட்டில் குடிக்கிறார்கள்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலி விருந்து நடக்கிறது. எல்லாம் முறைப்படி, மிருகம், நெருப்பு, பாட்டு, இசைக்கருவி, ஒன்றிலும் குறைவில்லை. கீழே விரித்திருக்கும் துணி மட்டும் இன்னொருவனுடையது. அந்தி சாய்ந்துவிட்டது. துணிக்கு உரியவன் எங்கோ கையைக் கட்டிக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறான். பெத்தேலுக்கு வந்த பக்தர்கள் பலிபீடத்தைப் பார்த்துக் கண்மூடினார்கள். ஆமோஸ் அந்தத் துணியைப் பார்த்தார்.

*

வெறும் சடங்கு என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மனம் ஒட்டாத வழிபாட்டைத்தான் நினைக்கிறோம். வாய் மந்திரம் சொல்கிறது, மனம் சந்தையில் திரிகிறது. அது பொய் வழிபாடு. மனம் ஒன்றிக் கண்ணீர் வடித்தால் அது மெய் வழிபாடு. இந்தப் புரிதலோடு தீர்க்கதரிசிகளிடம் போகிறவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வாயால் கிட்டே வந்து இருதயத்தைத் தூரமாக வைத்திருப்பதை ஏசாயா கண்டிக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் ஆமோஸ் கண்ட பெத்தேல்காரர்கள் அரைமனதோடு வந்தவர்கள் அல்லர். காலைதோறும் பலி கொண்டுவந்தார்கள். தசமபாகம் தவறாமல் கொடுத்தார்கள். உற்சாகக் காணிக்கையை ஊரறியச் சொன்னார்கள். கர்த்தருடைய நாள் எப்போது வரும் என்று ஏங்கினார்கள். அந்தப் பக்தியில் உருக்கம் இருந்தது. அதை ஆமோஸ் மறுக்கவில்லை. அவர் பேசியது முழுவதும் அவர்கள் ஆலயத்துக்கு வெளியே செய்ததைப் பற்றி.

அது வட இஸ்ரவேல் செழித்திருந்த காலம். இரண்டாம் யெரொபெயாம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டான், எல்லைகள் விரிந்தன. அந்தச் செழிப்பு மண்ணுக்கடியிலிருந்து நம் கைக்கு வந்திருக்கிறது. சமாரியாவின் அரண்மனை மேட்டை 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழைய திராட்சரசம், சுத்திகரித்த எண்ணெய் என்று சரக்கின் பெயரும் அனுப்பிய ஊரின் பெயரும் குறித்த கணக்கு ஓடுகள் கிடைத்தன. 1930களில் அதே மேட்டில் யானைத் தந்தச் செதுக்கல்கள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்தன. நாற்காலியிலும் கட்டிலிலும் பதித்தவை. தந்தக் கட்டிலில் படுத்து, உயர்ந்த எண்ணெய் பூசி, கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறவர்கள் என்று ஆமோஸ் சொன்னது ஆத்திரத்தில் வந்த மிகைச் சொல் அல்ல. அந்தக் கிண்ணத்துக்கு அவர் போட்ட சொல் ‘மிஸ்ராக்’. பலியின் இரத்தத்தைப் பீடத்தின்மேல் தெளிக்கும் ஆலயப் பாத்திரத்துக்குரிய பெயர் அது. வழிபாட்டின் பாத்திரமே குடிக்கும் பாத்திரமாகிவிட்ட ஒரு சமூகத்தை அந்த ஒற்றைச் சொல்லில் அவர் காட்டிவிடுகிறார்.

வியாபாரிகளையும் அவர் விடவில்லை. மாதப்பிறப்பு எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது கழியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். நாணயம் புழக்கத்துக்கு வராத காலம் அது. வாங்குகிறவன் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தட்டில் வெள்ளி, மறு தட்டில் எடைக்கல். யூதாவில் கிடைத்த எடைக்கற்கள் உருண்டு திரண்டு, அடிப்பக்கம் தட்டையாக, உள்ளங்கையில் அடங்குபவை. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். கல்லைச் சற்றுக் கனமாகச் செய்தால் வாங்குகிறவன் கூடுதல் வெள்ளி கொடுப்பான். தானியம் அளக்கும் மரக்காலைச் சற்றுச் சிறிதாகச் செய்தால் குறைவான தானியம் பெறுவான். இரண்டு பக்கமும் அடி. போதாததற்குப் பதரையும் கலந்து விற்கிறார்கள். இத்தனைக்கும் ஓய்வுநாளை அவர்கள் மீறவில்லை, கடையை மூடிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டத்தின் எழுத்துக்குப் பங்கமில்லை. ஆனால் ஓய்வுநாள் எதற்காக வந்ததோ அது அந்தக் கல்லில் செத்துக் கிடக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அவர் வாயிலிருந்து அந்தப் புகழ்பெற்ற வெறுப்பு வருகிறது. உங்கள் பண்டிகைகள் எனக்குப் பிடிக்கவில்லை, உங்கள் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று கடவுள் சொல்வதாக அவர் சொல்கிறார். அதற்கு மாற்றாகக் கேட்பது நீதியின் ஓட்டம். அங்கே அவர் எடுத்த உவமை, கோடையிலும் வற்றாத ஓடை. பாலஸ்தீன மண்ணின் ஓடைகள் பெரும்பாலும் மாரியில் புரண்டோடிச் சித்திரையில் மணலாகிவிடும். பண்டிகைக்கு மட்டும் பெருகும் நீதி வேண்டாம், ஆண்டு முழுவதும் ஓடும் நீதி வேண்டும் என்பது அந்த நிலத்து மனிதருக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியாவுக்கும் புரிந்தது. யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், இது ராஜாவின் ஆலயம் என்றான். அவன் ஆமோஸின் சொல் பொய் என்று சொல்லவில்லை. இடம் சரியில்லை என்றுதான் சொன்னான். ஓர் ஆலயம் யாருடையது என்பதை அதன் ஆசாரியனே இப்படி வாய்திறந்து சொன்ன இடம் வேதத்தில் அரிது.

*

அப்படியானால் தீர்க்கதரிசிகள் சடங்கையே வெறுத்தார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர்களில் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். யூலியுஸ் வெல்ஹவுசனின் எழுத்துகளில் தீர்க்கதரிசிகளின் காலம் ஒரு வசந்தம். பின்னால் வந்த ஆசாரியச் சட்டம் அந்த வசந்தம் உறைந்த பனி. லூத்தரின் வழிவந்த சமயத்துக்கு இந்தக் கதை மிகவும் பொருந்தியது. ஆனால் நூல்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எரேமியா ஆனதோத்தின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். எசேக்கியேல் ஆசாரியர். ஏசாயா தம் அழைப்பின் தரிசனத்தைக் கண்டதே ஆலயத்தின் புகைக்கு நடுவில். அவருடைய உதட்டைத் தொட்ட தழல் பலிபீடத்திலிருந்து எடுத்தது.

இன்னொரு சான்று லேவியராகமத்தில் இருக்கிறது. பலிகளின் கையேடு என்று நாம் ஒதுக்கிவைக்கும் நூல் அது. அயலானை வஞ்சித்தவன், ஒப்படைத்த பொருளை மறுத்தவன், பலாத்காரமாய்ப் பறித்தவன் குற்றநிவாரண பலி செலுத்த வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பறித்ததை முழுவதும் உரியவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. பீடத்துக்குப் போகும் வழி பறிகொடுத்தவனின் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. ஆமோஸ் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. ஆசாரியரின் நூலே கேட்டிருந்ததைத்தான் கேட்டார்.

2006இல் யோனத்தான் கிளாவன்ஸ் என்ற அறிஞர் இதை இன்னும் எளிதாக்கினார். காணிக்கை என்பது கொடுப்பவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஏழையிடமிருந்து பறித்த ஆட்டை ஏழையின் கடவுளுக்குக் கொடுப்பது காணிக்கையே ஆகாது என்பதே தீர்க்கதரிசிகளின் வாதம் என்று அவர் காட்டினார். இப்படிப் பார்த்தால் சடங்கா நீதியா என்ற பழைய சண்டைக்கே இடமில்லை. நீதி இல்லாத இடத்தில் சடங்கு நடக்கவே இல்லை. புகை எழும்புகிறது, இரத்தம் ஓடுகிறது. பலி மட்டும் நடக்கவில்லை. ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இந்த நினைவு அறுந்துபோகவில்லை. கூடாரப் பண்டிகைக்குக் கையில் பிடிக்கும் பேரீச்ச ஓலை திருடியதாக இருந்தால் செல்லாது என்கிறது அது. ஓலை பசுமையாக இருக்கலாம், பிடித்த கை பக்தியில் நடுங்கலாம். செல்லாது என்றால் செல்லாது.

*

ஆமோஸுக்குச் சற்றுப் பின்னால் வந்த ஓசியா இந்த நோயின் வேரைத் தொட்டார். பாவநிவாரண பலியின் மாம்சத்தில் ஆசாரியருக்குப் பங்கு உண்டு. ஜனங்கள் எவ்வளவு பாவம் செய்கிறார்களோ அவ்வளவு பலி, அவ்வளவு மாம்சம். என் ஜனத்தின் பாவத்தைத் தின்று ஆசாரியர் பிழைக்கிறார்கள் என்ற பொருளில் ஓசியா பேசுகிறார். பாவத்தைத் துடைக்க ஏற்பட்ட அமைப்பு பாவத்தினாலே கொழுக்கத் தொடங்கிவிட்டால் அந்த அமைப்புக்குப் பாவம் குறைவதில் என்ன அக்கறை இருக்கும்?

அவர் கடவுளின் விருப்பமாகச் சொன்ன சொல் ‘ஹெசெத்’. தமிழ் வேதாகமம் இதை ஓசியாவில் இரக்கம் என்றும் சங்கீதங்களில் கிருபை என்றும் பெயர்த்திருக்கிறது. இரண்டும் அழகான சொற்கள். ஆனால் இரண்டிலும் மேலிருந்து கீழே வழியும் ஒரு சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெசெத் அப்படி அல்ல. உறவு ஏற்பட்ட பிறகு ஒருவருக்கொருவர் கைவிடாமல் நிற்கும் பற்று அது. ரூத் தன் மாமியார் நகோமியை விட்டுப் போகாமல் நின்றாளே, அதற்கு அந்த நூல் வைத்த பெயர் ஹெசெத். அன்பும் கடமையும் ஒரே நூலில் முறுக்கிய கயிறு. இஸ்ரவேலின் பற்றோ காலைப் பனிபோல் வெயில் வந்ததும் போய்விடுகிறது என்பதுதான் ஓசியாவின் துக்கம்.

மொரேசேத் கிராமத்து மீகா அதே துக்கத்தை ஓர் ஏலம்போல் அமைத்தார். கடவுள்முன் எதைக் கொண்டு வருவேன் என்று ஒருவன் கேட்கிறான். ஒரு வயதுக் கன்றுகளா? ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா? பதினாயிரக்கணக்கான எண்ணெய் ஆறுகளா? விலை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில், என் தலைப்பிள்ளையையா என்ற இடத்தில் நிற்கிறது. பக்தி என்று நினைத்துத் தொடங்கியது கொலையில் வந்து முடிகிறது. கொடுக்கும் பொருளின் அளவை வைத்துக் கடவுளை நெருங்கப் பார்த்தால் அந்த ஏணியின் கடைசிப் படி அதுவாகத்தான் இருக்கும். மீகாவின் விடையில் மிருகமே இல்லை: நியாயம் செய், ஹெசெத்தை நேசி, உன் தேவனோடு அடக்கமாய் நட.

ஏசாயாவிடம் இதே பேச்சு ஒரு கையளவுக் காட்சியாகிறது. பழைய இஸ்ரவேலர் ஜெபிக்கும்போது இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கைகளை வானத்துக்குக் காட்டுவார்கள். அந்த நிலையில் நிற்பவர்களைப் பார்த்துக் கடவுள் கண்களை மறைத்துக்கொள்வதாக ஏசாயா சொல்கிறார், கைகளில் இரத்தம் இருக்கிறதாம். ஜெபத்தின் முத்திரையே குற்றத்தின் சான்றாகிவிடுகிறது. மறைத்து வைத்திருக்க வேண்டிய கையை அவனே விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கழுவுங்கள் என்கிறார் ஏசாயா. எப்படிக் கழுவுவது? ஒடுங்கியவனுக்குத் துணை நிற்பது, தகப்பனில்லாத பிள்ளைக்கு நியாயம் செய்வது, விதவைக்காக வழக்காடுவது. இதுதான் அவர் காட்டிய தண்ணீர்.

*

வட இஸ்ரவேல் கி.மு. 722இல் அசீரியரிடம் விழுந்தது. யூதா இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. எருசலேம் ஆலயம் இருக்கும்வரை எருசலேமுக்கு ஒன்றும் நேராது என்ற நம்பிக்கை இதற்குள் வேரூன்றிவிட்டது. கி.மு. 609ஐ ஒட்டி, யோயாக்கீம் பட்டத்துக்கு வந்த தொடக்கத்தில், எரேமியா ஆலய முற்றத்தில் நின்று அந்த நம்பிக்கையை உடைத்தார். திருடுவீர்கள், கொலை செய்வீர்கள், பொய்யாணை இடுவீர்கள், பிறகு இங்கே வந்து தப்பித்தோம் என்பீர்களா, இது என்ன கள்ளர் குகையா என்று கேட்டார். குகையில் கள்ளர் திருடுவதில்லை. திருடிவிட்டு வந்து பதுங்குகிறார்கள். ஆலயம் அப்படிப்பட்ட பதுங்கிடமாகிவிட்டது என்பதே அவர் குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் சீலோவிலும் கடவுளின் ஆலயம் இருந்தது, அது என்னவாயிற்று என்று போய்ப் பாருங்கள் என்றார்.

ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் அவரைக் கொல்ல வேண்டும் என்றார்கள். அப்போது நாட்டு மூப்பர் சிலர் எழுந்து, நூறு ஆண்டுகள் முன்பு மீகாவும் சீயோன் வயலாக உழப்படும் என்று சொன்னாரே, எசேக்கியா ராஜா அவரைக் கொன்றாரா என்று கேட்டார்கள். சாப்பானின் மகன் அகிக்காம் துணை நின்றான். எரேமியா உயிர் பிழைத்தார். அதே செய்தியைச் சொன்ன இன்னொரு தீர்க்கதரிசி உரியா பிழைக்கவில்லை. எகிப்துக்கு ஓடியவரைப் பிடித்து வந்து ராஜா வாளால் கொன்றான்.

அந்த யோயாக்கீமுக்கு எரேமியா சொன்ன ஒரு பேச்சை நான் அடிக்கடி திரும்பப் படிப்பேன். கூலி கொடுக்காமல் அயலானை வேலை வாங்கி, கேதுரு மரம் பதித்து மாளிகை கட்டுகிறாயே, உன் தகப்பன் அப்படியா வாழ்ந்தான் என்று கேட்கிறார். தகப்பன் யோசியா. கி.மு. 622இல் ஆலயத்தில் நியாயப்பிரமாண நூல் கிடைத்ததும் நாட்டின் வழிபாட்டையே புரட்டிச் சீர்செய்தவன், மேடைகளை இடித்தவன், நியாயாதிபதிகள் காலத்திலிருந்து அதுபோல் நடந்ததில்லை என்று சொல்லும்படி பஸ்கா ஆசரித்தவன். வழிபாட்டுச் சீர்திருத்தம் என்றால் யூதாவின் வரலாற்றில் அவன் பெயர்தான். எரேமியா அங்கே அதில் ஒன்றையும் சொல்லவில்லை. சிறுமையும் எளிமையுமானவனின் வழக்கை அவன் விசாரித்தான், என்னை அறிதல் என்பது அதுதானே என்று கடவுள் சொல்வதாக மட்டும் சொல்கிறார். கடவுளை அறிதலுக்கு எரேமியா தந்த விளக்கம் அவ்வளவுதான். கடலோரக் கோட்டையில் அந்தக் கூலியாள் மனு கொடுக்கத் துணிந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். எளியவனின் வழக்கைக் கேட்க ஒருவர் உண்டு என்ற எதிர்பார்ப்பு அந்த நாட்டில் இன்னும் சாகவில்லை.

அது செத்த நாளும் எரேமியாவின் நூலில் பதிவாகியிருக்கிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தார்கள். கடைசி ராஜா சிதேக்கியா, எபிரேய அடிமைகள் எல்லாரையும் விடுவிப்பது என்று ஜனங்களோடு உடன்படிக்கை செய்தான். ஏழாம் ஆண்டில் அடிமையை விடுவிக்கச் சொன்ன சட்டம் தலைமுறைகளாய்க் கிடப்பில் கிடந்தது. சாவு வாசலுக்கு வந்ததும் நினைவு வந்தது. ஆலயத்தில் ஒரு கன்றை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் வைத்தார்கள். பிரபுக்களும் ஆசாரியரும் நிலக்காரரும் அந்தத் துண்டங்களின் நடுவே நடந்து போனார்கள். சொல் தவறினால் இந்தக் கன்றுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேரட்டும் என்பது அதன் பொருள். அடிமைகள் வெளியே போனார்கள்.

சில நாள்களில் எகிப்தின் சேனை புறப்பட்டு வருகிறது என்ற செய்தி வந்தது. பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்திப் போனார்கள். நகரம் மூச்சு விட்டது. உடனே எசமானர்கள் வெளியே போய், விடுவித்த ஆண்களையும் பெண்களையும் மறுபடி பிடித்து வந்து அடிமைகளாக்கினார்கள்.

கன்றின் நடுவே நடந்தபோது அவர்கள் நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பயம் மெய்யானது, கண்ணீரும் மெய்யாக இருந்திருக்கும். அந்த நிமிஷத்தின் உண்மை அடுத்த மாதத்துக்குப் போதவில்லை. உள்ளம் உருகுவதை வழிபாட்டின் கடைசி அளவுகோலாக வைக்கிறவர்கள் எல்லாரும் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். உருகியது உள்ளம், விடுதலையாகியிருக்க வேண்டியது அடிமை. விடுவித்தோம் என்றீர்கள், நான் உங்களை வாளுக்கும் பஞ்சத்துக்கும் விடுவிக்கிறேன் என்ற பொருளில் எரேமியாவின் தீர்ப்பு வந்தது. பாபிலோனியர் திரும்பினார்கள். கி.மு. 587இலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ ஆலயம் எரிந்தது.

*

இதையெல்லாம் ஒரு யூதரல்லாத வாசகன் படிக்கும்போது ஒரு தவறு எளிதாக நேர்ந்துவிடும். நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் பலர் செய்த தவறு அது: பாருங்கள், அவர்களின் சடங்கு எவ்வளவு வெறுமையானது என்று சுட்டுவது. தீர்க்கதரிசிகள் யாரும் அடுத்த ஜனத்தின் பலிபீடத்தைப் பார்த்து இவற்றைச் சொல்லவில்லை. தங்கள் கடவுளின் பெயரால், தங்கள் ஜனத்திடம், தங்கள் ஆலயத்தின் வாசலில் நின்று சொன்னார்கள். அடி வாங்கிய அந்த ஜனமே அந்தச் சொற்களைச் சுருள் சுருளாகப் பிரதியெடுத்து, வேதத்தின் நடுவே வைத்து, நமக்குக் கொடுத்திருக்கிறது. தன்னைப் பற்றிய இவ்வளவு கடுமையான வசையைத் தன் புனித நூலாக்கிக்கொண்ட சமூகங்கள் உலகில் மிகக் குறைவு.

அதைக் காப்பாற்றிக் கொடுத்தது எது என்று யோசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. காப்பாற்றியது சடங்கு. யூதர்களின் ஜெபாலயங்களில் பலிகளைப் பற்றிய லேவியராகமப் பகுதி ஒன்றை வாசிக்கும் வாரத்தில், அதற்குத் துணை வாசிப்பாக எரேமியாவின் ஏழாம் அதிகாரத்தை வைத்திருக்கிறார்கள். பலிகளைப் பற்றி நான் அன்று கட்டளையிடவில்லை என்று கடவுள் சொல்லும் இடம். எல்லாரும் உண்ணாமல் குடியாமல் இருக்கும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரின் காலையில் வாசிப்பது ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம்: நான் கேட்ட உபவாசம் இதுவா, பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வதும் வீடற்றவனை வீட்டுக்குள் அழைப்பதும் ஆடையில்லாதவனுக்கு உடுத்துவதும் அல்லவா என்று கேட்கும் அதிகாரம். காய்ந்த வாயோடு நிற்கும் ஜனம் தன் நோன்பின்மேலேயே விழும் இந்தக் கேள்வியை ஆண்டுதோறும் எழுந்து வாசிக்கிறது. அந்த நாளுங்கூட மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை நிவர்த்தி செய்யாது என்று மிஷ்னா தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது.

கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தையும் எரித்த பிறகு, இடிபாட்டைப் பார்த்து ரபி யெகோசுவா, பாவம் தீர வழியிருந்த இடம் பாழாய்ப் போயிற்றே என்று அழுதாராம். அவருடைய ஆசிரியர் யோகனான் பென் சக்காய், நமக்கு அதற்கு ஈடான வழி இன்னொன்று உண்டு, அன்பின் செயல்கள் என்று சொல்லி ஓசியாவைக் காட்டினாராம். எண்ணூறு ஆண்டுகள் முன்பு கண்டனமாக வந்த சொல் வீடிழந்தவர்களுக்கு ஆறுதலாகியது. அந்தச் சொல் ஹெசெத்.

நம் காலத்துக்கு அருகில் ஒருவரைச் சொல்லலாம். ஆபிரகாம் யோசுவா ஹெஷல், 1907இல் வார்சாவில் பிறந்தவர். ஜெர்மனியில் தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆய்வு செய்தார்; நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா போனார்; தாயையும் சகோதரிகளையும் பறிகொடுத்தார். 1962இல் தீர்க்கதரிசிகள் பற்றிய பெரிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1965 மார்ச்சில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு செல்மாவில் ஊர்வலம் போனார். தம் கால்கள் ஜெபித்ததாகப் பின்னர் அதைச் சொன்னார். ஓய்வுநாளை அருமையாக ஆசரித்து, அதைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர் அவர். சடங்கை விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தவர் அல்லர். ஓய்வுநாள் எதற்கு என்று அறிந்திருந்ததால் தெருவுக்கும் வந்தவர்.

*

எந்தச் சமயத்தவராக இருந்தாலும், சமயமே இல்லாதவராக இருந்தாலும், வாசகரிடம் நான் கேட்பது ஒன்றுதான். விளக்கேற்றுகிறோமா, முழங்காலிடுகிறோமா, தொழுகிறோமா, மேடையேறிக் கொள்கை பேசுகிறோமா, எதைச் செய்தாலும் செய்யும் முன் காலடியில் ஒருமுறை பார்ப்போம். நாம் நிற்கும் துணி யாருடையது? கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலியா, நெரித்து வாங்கிய கையெழுத்தா, திருப்பித் தராத ஈடா? பார்த்தால் தெரியும். தெரிந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

அந்தச் சட்டம் அதற்கு ஒரு நேரமும் குறித்திருக்கிறது. சூரியன் மறைவதற்குள்.